இரவு ரத்தம்

பகலில் குத்தினால் ஒன்றும் அகப்படாது.
நுரையீரலுக்குள் எங்கோ சுருண்டு படுத்திருக்கும்.
ஊர் கண்ணயர்ந்த பிறகுதான்
விரல் நுனிவரை கிளம்பி வரும்.
கொசு வரும் நேரம் அதற்குத் தெரியும்.

ஆகவே நாங்களும் பத்து மணிக்கு மேல் வருகிறோம்.
உப்பனாற்றில் கடைசிப் படகு,
மடியில் கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய பெட்டி,
ஜெயசீலி சிஸ்டர் கையில் ஒப்புதல் படிவங்கள்.
சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால்
படிவத்தாலேயே மூக்கை மூடிக்கொள்வார்.
சிங்காரத்தோப்பு நாய்களுக்கு எங்கள் வாடை பழகிவிட்டது.
ஆட்களுக்குத்தான் இன்னும் இல்லை.

"ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போறவன
பதினோரு மணிக்கு எழுப்புறியே, தம்பி,
மனசாட்சி இருக்கா ஒனக்கு?"

நியாயமான கேள்வி.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கதவு கதவாய்த் தட்டித் தந்தவள் அஞ்சலாட்சி,
துறைமுகத்தில் கூடை வைத்து மீன் விற்பவள்.
இடது கால், முழங்காலுக்குக் கீழே,
நனைந்த மணல்மூட்டை.
அதற்கு அவளே ஒரு பெயர் வைத்திருந்தாள்.
"பெரியவரு இன்னிக்கு வர மாட்டேங்குறாரு,
நீங்க முன்னால நடங்க" என்பாள்,
டார்ச்சை மட்டும் எங்களுக்கு முன்னே அனுப்பிவிட்டு.

முதல் இரவு, முதல் விரல் அவளுடையது.

சூர்யபிரகாஷுக்குப் பத்தொன்பது வயது.
பந்து உதைக்கும் கால்கள், ஒரு வீக்கம் கிடையாது.
அவன் சில்லில் நூற்றுப் பதினேழு எண்ணினேன்,
ஊதாச் சாயத்தில்
தையல் பிரித்துப் போட்ட நூல்துண்டுகள் மாதிரி.

அஞ்சலாட்சியின் சில்லில் ஒன்றுமில்லை.
லென்சைத் துடைத்துப் பார்த்தேன்.
வேறு மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.
இல்லை.

குடியிருந்தது செத்து
எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.
அது அடைத்துவிட்டுப் போன வாய்க்கால் மட்டும்
அப்படியே இருக்கிறது.

எங்கள் ஆய்வுக்கு வேண்டியது
ரத்தத்தில் புழு உள்ளவர்கள்.
புது மாத்திரையா பழைய மாத்திரையா,
எது சீக்கிரம் கொல்கிறது என்பதே கேள்வி.
அவள் பெயருக்கு எதிரே நான் எழுதினேன்: தகுதியில்லை.

"தகுதி இல்லியா?"
டார்ச்சைத் தன் காலுக்கே திருப்பினாள்.
"பாத்துச் சொல்லு.
இதுக்கு மேல என்னய்யா தகுதி வேணும்?"

சிஸ்டர்தான் தரையில் உட்கார்ந்தார்.
ஒரு வாளி தண்ணீர், துண்டு சோப்பு.
விரலிடுக்கு ஒவ்வொன்றாய்க் கழுவி,
ஈரம் போகத் துடைத்து, களிம்பு தடவி,
"படுக்கறப்ப காலுக்குக் கீழ தலகாணி, மறக்காதீங்க."
இது எங்கள் ஆய்வில் இல்லை.
என்றோ யாரோ ஆய்ந்து சொன்னதுதான் இதுவும்.
அதற்கு யாரும் பெட்டி தூக்கிக்கொண்டு
இரவில் ஆறு கடந்து வருவதில்லை.

பையன்களுக்குப் பொட்டலம் கொடுத்தோம்.
எது எந்த மாத்திரை என்று எனக்குத் தெரியாது.
சிஸ்டருக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.
"கொடுக்குறவனுக்கும் தெரியாது, தின்றவனுக்கும் தெரியாது,
சாமி பிரசாதம் கணக்கால்ல இருக்கு" என்றாள்.
அன்று சூர்யபிரகாஷுக்கு மயக்கம், காய்ச்சல்.
புழு சாகும்போது அப்படி வரலாம்.
விடிய விடிய அவள்தான்
அவன் நெற்றியில் ஈரத்துணி மாற்றினாள்.

ஒரு வருஷம் கழித்து இன்று மறுபடி.
சில்லுகளில் இப்போது எண் மட்டும், பெயர் இல்லை.
யார் சுத்தமானார் என்று
கையால் தொட்டுக் கண்ணால் எண்ணப்போகும் எனக்கு
யாராவது கடைசியில் சொல்வார்கள்.

அஞ்சலாட்சி டார்ச்சோடு படகுத்துறையில் நின்றாள்.
சீழ் பிடித்துக் காய்ச்சல் வருவது
இந்த வருஷம் ஒரே ஒரு தடவைதானாம்.
பெரியவர் அதே கனம்.

கடைசி வீடும் முடிந்தபின் விரலை நீட்டினாள்.

"ஒங்க பேரு பட்டியல்ல இல்லியேக்கா."

"தெரியும். சும்மா குத்து.
உள்ள ஒண்ணுமில்லன்னு சொன்ன பாரு,
அத இன்னொரு வாட்டி கேக்கணும்."

அக்கரையில் படகுக்காரர்
விளக்கை அணைத்து அணைத்து எரிக்கிறார்.
பெட்டியில்
எண் எழுதாத ஒரு சில்லு காய்ந்துகொண்டிருக்கிறது.