நான்காம் கட்டம்

சபைச் செயலர் என்பதால்
படிவம் என்னிடம்தான் வரும், மார்ச் முதல் வாரம்.
ஞானஸ்நானம்: இரண்டு. இரண்டும் கைக்குழந்தைகள்.
திருமணம்: ஒன்று. ஜோடி இப்போது வசாயில்.
அடக்கம்: ஐந்து.
நான்காம் கட்டத்தில் ஒரே கேள்வி:
இவ்வாண்டு சீஷராக்கப்பட்டோர் எத்தனை?
போன வருடம் ஒரு கோடு போட்டேன்.
அதற்கு முந்தைய வருடமும் கோடுதான்.
கோடு போட எனக்கு நன்றாக வரும்.

போதகர் ஏசுவடியான்
"புறப்படுங்கள்" என்று குரலை உயர்த்தினால்
எங்கள் தாராவிச் சந்தின் மின்விசிறிகூட
கொஞ்சம் வேகமெடுக்கும்.
நான் எங்கே புறப்பட?
பரேலில் ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறேன்.
ஆறடிக்கு நாலடி, ஒரு முக்காலி.
பதினெட்டு வருடமாய் மேலே போகிறேன், கீழே வருகிறேன்.
ஓரங்குலம் முன்னே போனதில்லை.

உலகம் தானாக உள்ளே வரும்.
நாந்தேடிலிருந்து ஒரு வயிறு,
கோரக்பூரிலிருந்து ஒரு தொண்டை,
குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி ஒரு மருமகன்.
யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.
கதவுக்கு மேல் மாறும் எண்ணையே பார்ப்பார்கள்.
சட்டைப் பையில் துண்டுப்பிரதிகள் வைத்திருந்தேன், ஒரு காலம்.
நீட்டக் கை வரவில்லை.
வேர்வையில் ஊறி, ஒரு நாள்
வெள்ளைச் சட்டையில் வசனம் தலைகீழாக அச்சாகியிருந்தது.
துவைத்தும் போகவில்லை.

சென்ற மாதம், ஒரு செவ்வாய்,
பாஸ் இல்லாத ஒருவரை விரட்டினேன்.
கையில் தூக்குச்சட்டி. நாலாம் மாடியில் மகள் என்றார்.
நேரம் முடிந்தது, படியில் ஏறு என்றேன்.
சட்டம் சரிதான். சொன்ன விதம்தான்,
நாயிடம் சொல்வது போல.
அவர் ஏறினார். படிக்குப் படி
தூக்குச்சட்டியின் மூடி டக், டக்கென்றது.
எனக்குக் கேட்டது, அல்லது
கேட்டதாகவே இருக்கட்டும்.

ஷிஃப்ட் மாற்ற வந்த நிலேஷிடம் சாவியைக் கொடுத்துவிட்டு
நானும் படியில் ஏறினேன். லிஃப்ட் காலியாகத்தான் நின்றது.
வார்டு வாசலில், தரையில் அவர்.
மகள் மிச்சம் வைத்த சோறு மூடியில்.
தப்பாகப் பேசிவிட்டேன் என்றேன் என் ஓட்டை மராட்டியில்.
அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.
மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை.
உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் நிலேஷ் கேட்டான்:
"அந்த ஆள் புகாரா எழுதப் போகிறார்?
எதற்குப் போனாய், அதுவும் படியில்?"
முப்பது வருடப் பிரசங்கம் நினைவுக்கு வந்தது,
வாய்க்கு ஒன்றும் வரவில்லை.
"ஒருத்தரிடம் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.
"இந்த வயதிலா?"
"ஆமாம். வருஷா வருஷம் ஃபெயில்."
சிரித்தான். அப்புறம் சிரிக்காமல் கேட்டான்,
வெளியாள் வந்து உட்காரலாமா என்று.

வழி சொன்னேன். தொண்ணூறடி ரோடு,
இட்லிக் கொப்பரைகள் கவிழ்ந்து கிடக்கும் சந்து,
தோல் வாடை முடிந்து சோப்பு வாடை தொடங்குமிடத்தில்
நீலக் கதவு. செருப்பை உள்ளேயே வை, வெளியே தொலையும்.
தமிழில்தான் நடக்கும்,
பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன்.

மூன்று ஞாயிறு, பக்கத்து நாற்காலியில்
என் பையை வைத்து இடம் பிடித்தேன்.
மூன்றாம் ஞாயிறு, காணிக்கைப் பை என் முன்னால் நிற்கும்போது
உறைத்தது:
நான் இங்கே பாடுகிற நேரமெல்லாம்
அவன் என் முக்காலியில்.
என் ஞாயிறுகளை
எட்டு வருடமாய் அவன்தான் ஓட்டுகிறான்.

இன்று ஞாயிறு. முக்காலியில் நான்.
ரத்தினபாய் அக்காவுக்கு மராட்டி வரும்,
அவனுக்கு எடுத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.
அவன் போனானா, தெரியாது.
வீட்டில் படுத்துத் தூங்குகிறானோ என்னவோ,
எட்டு வருடத்துத் தூக்கம்.
மணி பத்தரை. போதகர் இப்போது குரலை உயர்த்தியிருப்பார்.
படிவம் சட்டைப் பையில், வேர்வையில் ஒட்டிக்கொண்டு.
நான்காம் கட்டம் காலி,
அதிலிருந்து சட்டையில் எதுவும் அச்சாகாது.

ஸ்ட்ரெச்சர் ஒன்று வருகிறது.
கதவைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.
எந்த மாடி?