இருபத்திரண்டு மில்லி ஆழம்

சூரமங்கலத்தில் ஏற்றும்போதே ஷபீர் சொன்னான்:
"ஏற்காட்டுக்குக் கொண்டை ஊசி இருபது.
நம்ம ஆம்னிக்கு இருபத்தொண்ணு,
கடைசி ஒண்ணு கிளட்ச்சுல இருக்கு."
ஸ்பார்க் மிஷினைப் பழைய போர்வையில் சுற்றிப்
பின்சீட்டில் சாய்த்திருந்தோம்.
ஒவ்வொரு வளைவிலும் அது என் தோளில் விழுந்தது,
கல்யாண வீட்டிலிருந்து திரும்பும் சித்தப்பா மாதிரி.

கொட்டகையில் பல்ப்பர் வாய் திறந்து கிடந்தது.
காலையில் பறித்த காப்பிப் பழம், பதினாலு மூட்டை,
சாக்குக்குள்ளேயே சூடேறிக்கொண்டிருந்தது.
கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்.
"ஆப்பரேட்டர் பின்னாடி வர்றாரா?"
மேனேஜர் பொன்னப்பா ஷபீரிடம் கேட்டார்.
நான்தான் என்று சொல்லி
டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தேன்.

வார்ப்பிரும்புக்குள் ஒடிந்த போல்ட்.
போல்ட்டைத் துளைக்கப் போய் ஒடிந்த டிரில்.
டிரில்லைப் பிடுங்கப் போய் ஒடிந்த ஈஸி அவுட்.
மூன்று பேருடைய அவசரம்
மூன்று நிறத்தில் மின்னியது.
"யாரு முறுக்கினது?"
ஃபிட்டர் ஜெபராஜ் சடைச்சியைப் பார்த்தார்.
சடைச்சி கூரையைப் பார்த்தாள்.
கூரையில் ஒரு பல்லி இருந்தது.

காந்தக் காலை ஊன்றி, மட்டம் பார்த்து,
செம்புக் கம்பியை இறக்கி
ஸ்விட்சைப் போட்டேன்.
காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த சத்தம்.

செம்பு இரும்பைத் தொடாது.
தொட்டால் வேலை நின்றுபோகும்.
தலைமுடியில் பாதி இடைவெளி,
அதற்குள்ளேதான் அத்தனையும் நடக்கிறது.
எஃகு எவ்வளவு கடினம் என்று பொறி விசாரிப்பதில்லை.
டிரில்லை ஒடித்த ஈஸி அவுட்டின் திமிர்
கறுப்பு மாவாகிக்
கூலன்ட்டில் வழிந்து வந்தது.
சுற்றியிருக்கும் மரைக்கு ஒரு கீறல் விழாது,
நான் நேராக நிறுத்தியிருந்தால்.
அந்த 'இருந்தால்'-க்குத்தான் எனக்குக் கூலி.

பதிமூன்று மில்லியில் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் பங்களாவுக்கு மட்டும்.
இருட்டில், பழத்தின் வாசனை
இனிப்பிலிருந்து புளிப்புக்கு நகர்வதை
எல்லோரும் முகர்ந்தோம், யாரும் சொல்லவில்லை.
பொன்னப்பா எழுந்து போனார்.
கொஞ்ச நேரத்தில்
பங்களா ஜன்னல்கள் ஒவ்வொன்றாய் அணைந்தன,
டிவிக்குள் யாரோ சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது.
மப்ளரைக் கட்டிக்கொண்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே
ஒயரை இழுத்தபடி அவரே வந்தார்.

மறுபடி கடுகு.
அந்த வோல்டேஜில் பம்ப் ஓடவில்லை.
சடைச்சி சொம்பில் கூலன்ட்டை மொண்டு மொண்டு
நூல் பிடித்தாற்போல் ஊற்றினாள்.
கை ஒருமுறைகூட நடுங்கவில்லை.
பதினெட்டில், அந்தச் சடசடப்புக்குள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி:
"போல்ட்டு நானு. டிரில்லு ஜெபராஜண்ணன்.
மூணாவது..."
இருட்டாகிக் கிடந்த பங்களாப் பக்கம்
தாடையைத் திருப்பினாள்.
நான் டயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு.
அணைத்துவிட்டுக் கொக்கி ஊசியால் நெம்பினேன்.
மரையின் பள்ளத்திலிருந்து போல்ட்டின் தோல்
சுருள் சுருளாகக் கழன்று வந்தது.
புதுப் போல்ட்டை ஜெபராஜ் ஸ்பேனர் இல்லாமல்
விரலாலேயே இறக்கினார், அடிவரைக்கும்.
பிறகு ஸ்பேனரை எடுத்து,
யோசித்து, சடைச்சி கையில் கொடுத்தார்.

மில்லிக்கு நூற்றைம்பது.
"சும்மா உட்கார்ந்துதானே இருந்தீங்க?"
என்றார் பொன்னப்பா.
ஆமாம் சார், என்றேன்.
மலை ஏறும்போது செம்பு ஐம்பது மில்லி,
இப்போது நாற்பத்தொன்று.
அதை எழுத பில்லில் கட்டம் கிடையாது.
முந்நூறு குறைத்துக்கொண்டு எண்ணிக் கொடுத்தார்.

பேப்பரில் வைத்திருந்த அந்தச் சுருளைப்
பார்க்கலாமே என்று அவர் கை நீட்டியபோது
சடைச்சி முந்திக்கொண்டாள்.
பல்ப்பர் ஓடத் தொடங்கியிருந்தது.
தோலும் சிவந்த தண்ணீரும் போகும் வாய்க்காலில்
அதைப் போட்டுவிட்டு
அடுத்த மூட்டையின் வாயைப் பிரித்தாள்.

பன்னிரண்டாவது கொண்டை ஊசியில்
பிரேக் வாசனை வந்தது. கீழே சேலம்,
யாரோ சிந்திவிட்டுப் பொறுக்காமல் விட்ட வெளிச்சம்.
"ஒடைச்சது யாராம்?" என்றான் ஷபீர்.
மூணு பேரு.
"பில்லு புக்குல என்ன எழுத?"
ஒடிந்த போல்ட், ஒன்று.