துளையின் விலை

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழக்கூடாது என்பார்கள்.
நாங்கள் அழுதோம்.
கிளிவித்ஸேயில், தொண்ணூற்றிரண்டு பிப்ரவரியில்,
மைத்துனன் இரேனேயுஷ் ஜெர்மனியிலிருந்து
காரின் பின்சீட்டில் போர்வை சுற்றிப் படுக்கவைத்து
ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தான்.
அப்புறம் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது.

சாதாரண பிளாப்பி ஆறாயிரம் ஸ்லாட்டி.
இருமடங்கு கொள்ளும் அடர்பிளாப்பி பதினேழாயிரம்.
பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்:
அதே கறுப்புச் சட்டை, அதே தகரக் கதவு.
ஒன்றின் மூலையில் மட்டும் கூடுதலாக
சதுரமாய் ஒரு துளை.
பதினோராயிரத்துக்கு அவர்கள் விற்பது
அங்கே இல்லாத அந்தப் பிளாஸ்டிக்கைத்தான்
என்று முடிவுகட்டினோம்.

இல்லாததைச் செய்ய எவ்வளவு நேரம்?
சமையல் மேசை, பழைய செய்தித்தாள்,
ஐந்து மில்லிமீட்டர் அலகு மாட்டிய கை டிரில்.
அவன் திருகுவான், நான் அழுத்திப் பிடிப்பேன்.
சுருள்சுருளாய் வரும் சீவலை
வாயால் ஊதிவிடுவோம்.
கொஞ்சம் உள்ளேயும் போயிருக்கும்.

டிரைவுக்குக் கண் கிடையாது, ஒரே ஒரு விரல்தான்.
மூலையில் தடவிப் பார்க்கும்,
விரல் உள்ளே போனால் நம்பிவிடும்.
எண்பது தடம், இரண்டு பக்கம், தடத்துக்குப் பதினெட்டுத் துண்டு,
அத்தனைக்கும் தலையாட்டியது.
ஞாயிறுதோறும் பள்ளிக்கூட ஜிம்மில்
கூடைப்பந்து வளையத்தின் கீழே கடை போட்டு
பன்னிரண்டாயிரத்துக்கு விற்றோம்.
பொய் சொல்லவில்லை, யாரும் கேட்காதவரை.

தெக்லா கேட்டாள்.
"துளை வட்டமாக இருக்கிறதே?"
"புது மாடல்" என்றான் இரேனேயுஷ்.
ஒன்றே ஒன்று வாங்கினாள்.
ஆறு மாணவர்களின் ஆய்வேடு அதில் ஏறியது,
பக்கத்துக்கு இரண்டாயிரம் கூலி.

மே மாதம் வந்து நின்றாள். கத்தவில்லை.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னாள்:
"ஐந்து திறக்கிறது.
சுரங்கக் காற்றோட்டம் மட்டும்
நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது."

அன்றுதான் விசாரித்தோம்.
காசு துளைக்கு இல்லையாம், உள்ளே தடவிய பூச்சுக்காம்.
நெருக்கி எழுதினாலும் பிடித்துவைக்கும் தெம்பு
சாதாரண வட்டுக்குக் கிடையாது.
எழுதும்போது எல்லாவற்றுக்கும் சரி சொல்லும்,
பிறகு யாருக்கும் சொல்லாமல்
கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும்.
(இரேனேயுஷும் அப்படித்தான் என்றாள் என் அக்கா.)

விட்டுவிடவா, மீண்டும் முயலவா, தோற்கவா
என்று கேட்டது திரை.
விடியும்வரை மீண்டும், மீண்டும் என்றே அழுத்தினேன்.
டிரைவ் எலும்பு கடிக்கும் சத்தம் போட்டது.
தெக்லா எங்கள் தேநீரை எல்லாம் குடித்துத் தீர்த்தாள்.
அறுபத்துநாலில் மறுபடி எழுத்து முளைத்தது.
நடுவில் இருபத்துமூன்று பக்கம், ஒன்றுமில்லை.
பையன் கைப்பிரதியை அடுப்பில் போட்டிருந்தான்.

மறுநாள் மதியம் முழு ஆய்வேடும் பேராசிரியர் மேசையில்.
"அத்தனையும் ஞாபகமிருந்ததா?"
"நாற்பது பக்கம் அடித்தவளுக்கு
அவன் அடுத்து எப்படிப் பேசுவான் என்று தெரியாதா?"
"எண்கள்?"
"எண்களும் அவனை மாதிரியே பேசின."

பையன் தேறினான். நல்ல மதிப்பெண்.
ஏதோ ஒரு சுரங்கத்தில் வேலையும் கிடைத்ததாகக் கேள்வி.
எந்தச் சுரங்கம் என்று நான் கேட்கவில்லை.
டிராமில் போகையில் கோபுரச் சக்கரம் சுழலக் கண்டால்
ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிடுகிறேன்.

அக்டோபரில் டிரில்லைப் பக்கத்து வீட்டுக்கு விற்றுவிட்டு
நிஜமான அடர்பிளாப்பி வாங்கினேன்,
பெட்டியோடு பத்து, ரசீதோடு.
மூன்று ஒழுங்காக நடந்தன.
நான்காவது, செலோபேன் பிரித்த கையோடு,
முதல் தடத்திலேயே படுத்துவிட்டது.
துளையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன்.
சதுரம். அப்பழுக்கில்லை.