இரவல் வெள்ளை

எங்கள் ஊர்ப் பெயருக்குப் படகு என்று பொருள்.
வூச்.
ஆறு கிடையாது. இருந்தவற்றை
ஆலைக்காரர்கள் குழாயில் அடைத்துத்
தெருவுக்கு அடியில் அனுப்பிவிட்டார்கள்.
பிறகு ஆலைகளும் போயின. மிச்சம்
நெசவுப் பொறியியல் துறையும்
அதில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நானும்.

பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு ஆள் சேர்த்தபோது
துணி தெரிந்தவள் என்று
ஜூடோ அரங்கின் பின்வாசலில்
ஒரு மேசை கொடுத்தார்கள்,
மேசைமேல் ஓர் அளவுகோல்.
கையை நீட்டச் சொல்ல வேண்டும்.
சட்டைக் கை மணிக்கட்டைத் தொட்டால், போ.
தொடாவிட்டால் இரவல்.

மதியத்துக்குள் இருநூறு கைகள்.
சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும்
சேர்த்து ஒட்டியிருப்பார்கள்,
சண்டை போட்ட அண்ணன் தம்பியை
ஒரே கட்டிலில் படுக்கவைத்த மாதிரி.

தினாத்தின். ஐம்பத்திரண்டு கிலோவுக்குள்.
குத்தாயிசியில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள்.
நீட்டினாள். இரண்டு விரற்கடை குறைந்தது.
விடுதியின் சலவை இயந்திரம், என்றாள்.
பொத்தானெல்லாம் உங்கள் மொழியில்.
எதையோ அழுத்தினேன், கொதித்துவிட்டது.

பருத்தி அப்படித்தான்.
இழுத்து நெய்த நூல் சுடுநீரைக் கண்டதும்
தன் பழைய நீளத்துக்கே ஓடிவிடும்.
இதைத் தேர்வில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
அவளிடம் சொல்லவில்லை.

இரவல் எண் ஏழு, கஞ்சியில் முக்கியதுபோல் விறைத்திருந்தது.
முதுகில் பெயரில்லை, நாடில்லை.
அவளுடைய பயிற்சியாளர் என்னைத் திட்டினார்,
எனக்குத் தெரியாத மொழியில்
நன்றாகப் புரியும்படி.
விதிப்படி அந்தச் சுற்றுக்கு
அவரும் உள்ளே வரக்கூடாது.
பாயோரம் அவர் நாற்காலி
சும்மா இருந்தது.

ஹஜிமே.

போர்ச்சுகல் பெண்ணின் விரல்கள்
கழுத்துப் பட்டையைத் தேடி வந்து வழுக்கின.
நூறு தடவை துவைத்த பட்டைதான்
கைக்குள் மடங்கும். இது பலகை.
மறுபடி பிடித்தாள், மறுபடி வழுக்கியது.
அந்த இடைவெளியில் தினாத்தின்
முதுகைக் கொடுத்து உள்ளே திரும்பினாள்.
இரண்டு குதிகால்கள் கூரை விளக்கைப் பார்த்தன.
பிறகு பாய் ஒரே ஒரு சொல் பேசியது.
இப்பான்.

நான் கைதட்டியிருக்கக்கூடாது.
தட்டினேன்.

அடுத்த சுற்றில் தோற்றாள், அதை நான் பார்க்கவில்லை.
பிரேசில்காரன் ஒருவனின் இடுப்புப் பட்டியோடு
மல்லுக்கு நின்றிருந்தேன்.
வெண்கலத்துக்கான ஆட்டத்துக்குள்
சட்டை அவள் வியர்வையைக் குடித்துக் குடித்து
அவளுடையதாகிவிட்டது.
அங்கேதான் வினை.
ஸ்லோவேனியாவின் ஸார்யா
பட்டையைப் பற்றினாள், அது மடங்கியது,
பழகிய நாய் தலையைக் கொடுப்பதுபோல்.

நான்கு நிமிடம். புள்ளி இல்லை.
கூடுதல் நேரத்தில் இன்னும் ஐந்து.
இருவருக்கும் இரண்டிரண்டு எச்சரிக்கை.
ஒருவர் நெற்றியில் ஒருவர் நெற்றி சாய்த்து
மூச்சு வாங்கியதை
தூரத்திலிருந்து பார்த்தவர்கள்
தோழிகள் என்றே நினைத்திருப்பார்கள்.
பிறகு ஒரு கால் வாரல்.
விழுந்தது பாதி முதுகுதான்.
பாதி போதும்.

படுத்தபடி இரண்டு மூச்சு.
எழுந்து, பட்டியை இறுக்கி,
குனிந்து வணங்கி,
நேராக என் மேசைக்கு வந்தாள்.
சட்டையைக் கை உள்ளே போக மடித்திருந்தாள்,
கடையில் வாங்கியதுபோல்.
கழுத்தில் ஒரு பொட்டு ரத்தம்.
யாருடையது என்று தெரியாது, என்றாள்.
பச்சைத் தண்ணீரில் அலசு.
மாட்டுக்குப் பிரசவம் பார்த்துப் பழகியவளுக்கு
அது தெரிந்திருக்கும்.
சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை,
உதடு வீங்கியிருந்தது.

இரவு கழிவறைத் தொட்டியில் அலசினேன்.
பச்சைத் தண்ணீர்தான்.
நாற்காலி முதுகில் காயப்போட்டுக்
காலையில் அளவுகோலை வைத்தேன்.
அரை விரற்கடை.
திருப்பி வைத்தேன்.
அரை விரற்கடை.

பதிவேட்டில் எழுதினேன்:
இரவல் ஏழு, செல்லாது.
நிமிர்ந்தபோது எழுபது கிலோக்காரி ஒருத்தி,
யாரும் சொல்லாமலே,
கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.