டோக்கன் எண்ணூற்றுப் பன்னிரண்டு

பூவார் போகிற பஸ்
வெங்கஞ்சிக்கு முன்பே எஞ்சினை அணைத்துவிட்டது.
“பரணியல்லா இன்னைக்கு, இனி நடந்து போவும்” என்றார் கண்டக்டர்,
ஆறு ரூபாய் பாக்கியைத் தராமல்.

தூத்துக்குடி துறைமுகத்தில் பதினொரு வருஷம்
கண்டெய்னர் தூக்கியவன் நான்.
நாளைக் காலை விழிஞ்ஞத்தில் நேர்காணல்.
பையில் லைசென்ஸ், தேய்த்த சட்டை,
ஈரத்துக்குப் பயந்து இரட்டைக் கவரில் மக்ரூன்.

தென்னைகளுக்கு மேலே
இரண்டு மரக்கைகள் எழுந்தன.
பூம் என்றுதான் வாயில் வந்தது.
நுனிக்கு இருவராய்
கச்சையில் தொங்கும் நான்கு ஆண்கள்.
ஆளுக்கொரு கைக்குழந்தை.
கீழே சக்கரம், வடம், இழுக்க ஒரு ஊர்.
லிமிட் சுவிட்ச் இல்லை.
கடல்பக்கமிருந்து காற்று வேறு.
நானென்றால் வேலையை நிறுத்தியிருப்பேன்.

“இதொண்ணு பிடியுங்க அண்ணே.”
குடை, பால்புட்டி, போன்
மூன்றும் என் கையில்.
அவள் வரிசைக்குள் போய்விட்டாள்.
போனுக்குள் ஒருவன், தம்மாமில்,
சீருடைகூடக் கழற்றாமல்:
“நான் பிரமோத். பிள்ளைக்க அப்பன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு. இடத்தோட்டு உள்ள வில்லு.”

பிறகு அவன் சொன்னான், நான் செய்தேன்.
கொஞ்சம் மேல.
வலத்தோட்டு. மெதுவா, மெதுவா.
அய்யோ, தென்னமட்டை மறைக்குது.
பதினொரு வருஷமும்
கீழிருந்து ஒருவன் கைகாட்ட
மேலே இருந்தவன் நான்.
நான் தூக்கிய எதுவும்
கால் உதைத்ததில்லை.

தேர் கோயிலைப் பாதி சுற்றியிருக்கும்.
குரவையிலும் செண்டையிலும்
நெட்வொர்க் செத்தது.
திரையில் அவன் வாய் திறந்தபடி உறைந்துபோனான்.
அவனுக்கு அங்கே எது உறைந்ததோ.
குரல் மட்டும் ஓட்டை வழியாக வந்தது:
“எறங்கியாச்சா? அண்ணே, எறங்கியாச்சா?”

இங்கே வில் தாழ்ந்து,
கச்சை அவிழ்ந்து,
பிள்ளை அவள் தோளுக்கு வந்து
அழக்கூடத் தொடங்கிவிட்டது, பாலுக்கு.
“எறங்கியாச்சு” என்று கத்துகிறேன்.
“எறங்கியாச்சா?” என்கிறான்.
கத்தினேன். மறுபடி கத்தினேன்.
என்னை அறியாமல் வலது கை உயர்ந்து
முஷ்டி மூடி நின்றது.
எங்கள் துறைமுகத்தில் அதற்கு
லோடு அப்படியே நிற்கட்டும் என்று அர்த்தம்.

பக்கத்திலிருந்தவர்கள்
எனக்கு அருள் வந்துவிட்டதென்று விலகி
இடம் விட்டார்கள்.
அந்த வழியாகத்தான் அவள்
பால்புட்டியைத் தேடி வந்தாள்.