ஈரம் ஓரிடம்

பகலில் இந்த வேலை நடக்காது.
பால்வண்டி, மிக்ஸி, ஸ்கூட்டர்,
எல்லார் வீட்டு மோட்டாரும் ஒரே நேரத்தில்.
இரவு ஒன்றரைக்கு மேல்தான்
வைசியாள் வீதி வாயை மூடும்.
டேங்கிலிருந்து லைனில் அழுத்தம் ஏற்றுவார்கள்.
நாலரை அடி இரும்புக் கம்பி,
ஒரு முனை தரையில்,
மறுமுனை என் காதெலும்பில்.

ரோந்துப் போலீஸ் இரண்டு முறை பிடித்திருக்கிறது.
"என்னய்யா பண்ற?"
"கேக்குறேன் சார்."
"யாரை?"
"தரையத்தான். தண்ணி எங்க ஒழுகுதுன்னு."

பதினெட்டு வருடமாக வவுச்சர் ஊழியன்.
நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காக
சட்டசபை எதிரே வெயிலில் உட்கார்ந்து
மொட்டையடித்து, தட்டேந்தி,
ஆவணியில் பட்டியல் வந்தது.
நாற்பத்தோரு பெயர்.
நாற்பத்திரண்டு இருந்திருந்தால் அது நீதான் என்றார்கள்,
ஆறுதலாக.

ஆறு மாதச் சம்பளம் பாக்கி.
பெர்னதெத்தின் சங்கிலி அடகுக்கடையில்.
சம்பா கோயிலில் ஒன்பது செவ்வாய்
அந்தோணியாருக்கு மெழுகுவத்தி.
பத்தாவது செவ்வாய் வெறுங்கையோடு போய்
"இருக்கியா?" என்று கேட்டேன்.
மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வேலைக்கு வந்த புதிதில்
வைத்த இடமெல்லாம் தண்ணீர் கேட்டது எனக்கு.
மூன்று இடத்தில் ரோட்டை உடைத்தோம்.
காய்ந்த மணல்.
நான்காவது குழியில் இறங்கி நின்றபோதுதான் தெரிந்தது,
இத்தனை நாள் கேட்டது
என் கழுத்து நரம்பு.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வழியனுப்பப் பழகினேன்.
முதலில் நாடி.
அடுத்து ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்,
டிரான்ஸ்பார்மர் முனகல்,
எங்கோ தொட்டில் சங்கிலி.
எல்லாம் போன பிறகு
புதுத்துணி கசங்குவது போல
ஏதாவது மிஞ்சினால், அது.

கார்த்திகையில் மழை விட்ட ஓர் இரவு, குருசுக்குப்பம்.
பன்னிரண்டாம் எண் வாசலில் எந்நேரமும் ஈரம்.
மூன்று முறை தோண்டி மூடியாயிற்று.
ராஜினாமாக் கடிதம் என் சட்டைப் பையில்.
கம்பியைக் காதில் வைத்துக்கொண்டு
உள்ளே அமைச்சரோடு சண்டை, அந்தோணியாரோடு சண்டை.
கடல் வேறு பக்கத்திலேயே, விடாமல்.
ஒரு கட்டத்தில் சண்டை ஓய்ந்தது.
பக்தியால் இல்லை.
தூக்கக் கலக்கம். வார்த்தை தீர்ந்துவிட்டது.

அப்போது கேட்டது.
வாசலில் அல்ல, பதினோரு வீடு மேற்கே,
தூசி கூடக் கலையாத காய்ந்த சிமெண்டுக்குக் கீழே.
உடைப்பு அங்கே.
தண்ணீர் பழைய சாக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து
இங்கே வந்து கண் திறந்திருக்கிறது.

நானும் ஆவணியிலிருந்து
ஈரம் தெரிந்த இடத்திலேயே தோண்டிக்கொண்டிருந்தேன்.

முப்பது தப்படி தள்ளி
வால்வு சாவியோடு இருசப்பன் நின்றிருந்தான்.
பட்டியலில் நாற்பத்தொன்றாவது பெயர்.
பதினான்கு வருடம் ஒரே கேரியரில் சாப்பிட்டவன்.
மூன்று மாதமாக அவனிடம் நான் பேசியது
"திற", "மூடு" மட்டும்.

போய் டீ வாங்கிக் கொடு.

குரல் என்று சொல்லமாட்டேன்.
யாரும் என் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
அது என் நாடி இல்லை என்று மட்டும் தெரியும்.
என் நாடி அதைச் சொல்லியிருக்காது.

சைக்கிள் டீக்காரர் முத்தியால்பேட்டை முனையில்தான் அகப்பட்டார்.
திரும்பி வருவதற்குள் ஆறிப்போயிருந்தது.
இருசப்பன் வாங்கி ஒரு வாய் குடித்து
"சக்கரை பத்தல" என்றான்.
பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
நாங்கள் தோண்ட ஆரம்பித்தோம்.

இது ஏழாவது மாதம். சம்பளம் வரவில்லை.
கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.
செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன்,
தூணோரம் பேசாமல் உட்காருகிறேன்.
மின்விசிறி ஓடுகிறது.
முதலில் அதை வழியனுப்ப வேண்டும்.