மூன்று பாத்தி கௌபி

கலியாண வீட்டுக்கு மான் இறைச்சி வேண்டுமாம்.
மாப்பிள்ளை பகுதி டவுன் ஆட்கள்,
கோழியைக் காட்டி அனுப்ப ஏலாதாம்.
மச்சான் நேசதுரைக்கு வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது.
இடியனை என் கையில் தந்தான்:
"நீ ஒத்தக் கண்ண மூடிச் சம்பாதிக்கிறவன்தானே."

உண்மைதான்.
வாழைச்சேனையில் ஸ்டூடியோ, மாடியில் பல் டொக்டர்.
கலியாணம், சாமத்தியம், பாஸ்போட் சைஸ்.
ஆளடையாள அட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து
இந்த முகத்தைச் சுவரளவு ஆக்கித் தா
என்று கேட்கிற தாய்மார்.
அவர்களிடம் காசு வாங்க
இன்னும் எனக்குப் பழகவில்லை.

வடமுனைக்கு அங்கால், மச்சானின் சேனை முடிகிற இடத்தில்
ஒரு வில்லு.
ஆடி வெயிலில் தண்ணீர் நடுவுக்குப் போய்விட்டது.
சுற்றிவரச் சேறு, சேறு முழுக்கக் குளம்பு.
வீரை மரத்துக் கவரில் குந்தியிருந்தேன்.
ஒரு தோளில் துவக்கு, மறு தோளில் கமரா.
இரண்டு வாரும் ஒரே கழுத்தை அறுத்தன.
தூரத்தில் யாரோ ஆனைவெடி போட்டான்,
காடு மூச்சைப் பிடித்து, பிறகு விட்டது.

முதலில் கொம்புதான் வந்தது.
பட்ட கிளை ஒன்று நடக்கிறது என்று நினைத்தேன்.
கொம்பின் தோல் இன்னும் முழுதாய் உரியவில்லை,
கிழிந்த ரிபன் மாதிரி
கறுத்த ரத்தத்தோடு ஒரு துண்டு தொங்கியது.
இடது காதில் நுனி இல்லை.
குடிக்காமல் தண்ணீரையே பார்த்து நின்றது.
அழகு பார்க்கிறது என்று எழுதலாம்.
பொய். முதலை கிடக்கும் வில்லு அது.

துவக்கைத்தான் முதலில் எடுத்தேன்.
இதை நான் மறைக்க மாட்டேன்.
குழாய் நுனிக்கு நேரே முன்னங்கால் சந்து,
இருபது யார் வராது.
விரல் போய்ச் சேர்ந்த இரும்பு குளிர்ந்தது.

அப்போது காதைத் திருப்பியது,
ஒன்றை மட்டும், அந்த நுனியற்றதை.
மலைக்குப் பின்னால் இருந்து வந்த வெயில்
காதுக்குள் புகுந்து
நரம்பு நரம்பாய்ச் சிவந்தது,
டோர்ச்சைக் கையால் பொத்தினால் தெரியுமே, அப்படி.
அரை நிமிஷம்கூட நில்லாத வெளிச்சம்.

இரக்கம் என்று பிறகு சிலர் சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்தவரை
அது தொழில்காரனின் பேராசை.

துவக்கைக் கிளையில் மாட்டிவிட்டு
நாலு படம்.
நாலாவது சத்தத்துக்கு
அது நின்ற இடத்தில் சேறு மட்டும்
மெல்ல மெல்ல வாய் மூடிக்கொண்டிருந்தது.

"வெடிச் சத்தம் கேக்கல்லையே. புடிச்சியா?"
"புடிச்சிட்டன்."
சாக்கும் கத்தியும் உப்புமாய் ஓடிவந்தான் மச்சான்.
"மறுகா எங்க கிடக்கு?"
கமராவின் சின்னத் திரையைக் காட்டினேன்.
நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்,
தள்ளிப் பிடித்தான்,
பெருமூச்சு விட்டான்.
"இது எத்தினை கிலோ வரும்?"

கலியாணத்தில் புரொய்லர்.
எலும்பை ஓரமாய் ஒதுக்கியபடி
மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை,
அதையும் எடுத்து ஆல்பத்தில் வைத்துவிட்டேன்.

மான் படம் மூன்று ஆடிப்போய்விட்டது.
மிச்சம் ஒன்றில் காது மட்டும் கூர்மை,
மற்றதெல்லாம் புகை.
பெரிதாக்கிக் கடையில் மாட்டினேன்.
போன கிழமை, அட்டைப் படம் கொண்டுவந்த ஒருத்தி
கனநேரம் அதையே பார்த்து நின்றாள்.
"இதுவும் இல்லையா, தம்பி?"

"இருக்கம்மா" என்றேன்.
முந்தாநாள் இரவும் வந்திருக்கிறது.
மூன்று பாத்தி கௌபி சரி.
மச்சான் கணக்கை
என் பேரில்தான் எழுதி வைத்திருக்கிறான்.